மேஸ்திரியின் தீனிப்பை

மூன்று நாளாகக் குனிந்து கொத்தவில்லை மேஸ்திரி.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதுபோல் நடப்பாள்,
அதனால் அந்தப் பெயர்.
கேரட் கழுவும் ஷெட்டில் எங்களை மேய்க்கிற மனுஷனுக்கு
இது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

கழுத்தடியில் உப்பல்.
விடிகாலையில் காலியாக இருக்கவேண்டிய இடம்
மாவு மூட்டையாக அமுங்கி
விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.
அலகைப் பிரித்து மோந்து பார்த்தேன்.
நாலு நாள் புளித்த தோசைமாவு.

பாலாடா மருந்தகத்தில் டாக்டர் கேம்புக்குப் போயிருந்தார்.
யாருடைய பசுவுக்கோ நோட்டில் எழுதிக்கொண்டே
"கோழிதானே" என்றார் உதவியாளர்.
அந்தத் 'தானே'யை
கேத்தி பஸ் வரும்வரை மென்றுகொண்டு நின்றேன்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிவு பண்ணு" என்றான் இருதயராஜ்.
"தானா செத்தா யாரும் திங்கமாட்டோம்."
கெட்டவன் இல்லை.
கேஸ் சிலிண்டரைக்கூட ஆட்டிப் பார்த்து
மிச்ச நாளைச் சொல்கிறவன்.

தானியத்தை நிறுத்தினேன்.
ஜனவரிக் குளிரில் கல்லாகிவிட்ட தேங்காயெண்ணெய்ப் புட்டியை
அக்குளில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன்.
திரும்பும்போது இளகியிருந்தது.
பிள்ளையின் பழைய சளிமருந்து ஃபில்லரில்
சொட்டு, அப்புறம் விழுங்குகிறாளா என்று பார்த்து
இன்னொரு சொட்டு.

போன மழைக்கு ஒருத்தியை
யாரோ சொன்னார்கள் என்று தலைகீழாகப் பிடித்துப் பிழிந்தேன்.
வாந்தி மூச்சில் ஏறி
என் கையிலேயே கனத்துப்போனாள்.
அவளுக்கு நான் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

இரவெல்லாம் பனித்தண்ணீரில் கேரட் அலசிய கை இது.
வெந்நீர் டம்ளரை உருட்டி உருட்டிச் சூடேற்றாமல்
அவளைத் தொடவில்லை.
நேராக உட்காரவைத்து, இறகுக்கு உள்ளே
வட்டம் வட்டமாகப் பிசைந்தேன்.
உள்ளே ஏதோ புல் கட்டு நெகிழ்ந்தது, திரும்ப இறுகியது.
அவள் கண்ணின் கீழிமை மேலேறி மூடியது.
கோழிக்குக் கீழிருந்துதான் இருட்டும்.

மூன்றாம் ராத்திரி கரண்டு இல்லை.
வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்துகொண்டிருந்தது.
அலகோரம் ஏதோ தொங்கியது.
"எந்திரி, லைட்டடி" என்றேன்.
இருதயராஜ் போர்வையோடு வந்து செல்லைப் பிடித்தான்.

நூல்.
இழுத்தேன், வந்தது. இறுகியது, விட்டேன்.
எண்ணெய். காத்திருந்தேன். மறுபடி.
"மெதுவாடி" என்றான்,
நான் மெதுவாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.
ஒரு சாண். ஒன்றரைச் சாண்.
அதில் சுற்றிக்கொண்டு பழுப்புப் புல்.
விளக்கொளியில் அது நீலமாக இருந்தது.

கேரட் மூட்டையின் வாயை
நான் தைத்து, முடிச்சிட்டு,
நுனியை நறுக்கி எறிகிற நீலம்.
என் சேலை மடிப்பில் ஒட்டி வீட்டுக்கு வந்த நீலம்.
வாசலில் உதறுவேன். தினமும் உதறுவேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் விளக்கை அணைக்க மறந்து நின்றான்.

மறுநாள் காலை கழுத்தடி தட்டை.
அட்டைப்பெட்டியில், கோணிமேல்,
வெள்ளைத் தொப்பி போட்ட பச்சை எச்சம்!
பல் தேய்த்துக்கொண்டிருந்தவனை இழுத்துவந்து காட்டினேன்.
நுரையோடு குனிந்து பார்த்து
"நல்லாத்தான் போட்டிருக்கா" என்றான்.
'போட்டிருக்கு' என்று சொல்லவில்லை, கவனித்தேன்.
சுண்டுவிரலளவு தயிர்ச்சோறு வைத்தேன்.
அதை விட்டுவிட்டு என் மெட்டியைக் கொத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மத்தி வாங்கிவந்தான்.

இப்போது ஷெட்டில் நறுக்கிய நுனிகளை
ஒன்று விடாமல் பொறுக்கி டப்பாவில் போடுகிறேன்.
"எதுக்கும்மா அது?" என்று வந்து நின்றார் மேஸ்திரி,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.
என்னையறியாமல்
அவர் கழுத்தடியைப் பார்த்தேன்.