முப்பது ஆம்பியர்

பெட்டியின் மேல் மூவாயிரம் வாட் என்று
தீப்பிடித்த எழுத்தில் போட்டிருந்தது.
ஜபருல்லா அதைப் படிக்கவே இல்லை.
ஆம்பிளிஃபயரைக் கவிழ்த்து
முதுகில் செருகியிருந்த ஃபியூஸை நகத்தால் நெம்பி
என் உள்ளங்கையில் வைத்தார்.
பச்சை நிறம். புளியங்கொட்டை அளவு.
முப்பது என்று போட்டிருந்தது.

"பன்னெண்டால பெருக்குங்க."
முந்நூற்று அறுபது.
"அதுல பாதி சூடாப் போயிரும்.
மிச்சந்தான் பாட்டு."

ஐந்து ரோட்டுப் பாலத்தடியில்
நிழல் தூண்தூணாக நகர்ந்துகொண்டிருந்தது.
"உங்க வண்டி ஆல்டர்னேட்டர் எழுபதுதான்.
லைட்டு, வைப்பர், ஏசி எல்லாம் ஒரே பந்தியில உட்கார்ற ஆளுங்க.
இவன் லேட்டா வருவான்,
முதல்ல இலையில கை வைப்பான்."

நான் செவ்வாய்பேட்டையில் கொலுசு உரசுகிறவன்.
கல்லில் ஒரு கோடு, ஒரு சொட்டு அமிலம்,
எத்தனை டச் என்று கண்ணே சொல்லிவிடும்.
எனக்கா தெரியாது.
மூவாயிரத்தையே வாங்கினேன்.
வேறொரு கடையில் பாதி விலைக்கு
கட்டைவிரல் தடிமனில் சிவப்புக் கம்பியும்.

சனிக்கிழமை இரவு
அடிவாரச் சோதனைச் சாவடி தாண்டியதும்
தமயந்திதான் சத்தத்தைக் கூட்டினாள்.
டிக்கிக்குள் பன்னிரண்டு அங்குல வாய்
நம்பர் பிளேட்டையும் சேர்த்துப் பேசியது.
பதிமூன்றாவது கொண்டை ஊசியில் மூடுபனி.
பிரேக்கை மிதித்தேன், எதற்கென்று தெரியாமலே.
என்ஜின் தணிந்து முனகியது.

டும். விளக்கு செத்தது.
பிழைத்தது.
பிழைத்த இடத்தில் ஒரு காட்டெருமை.
டும். இல்லை.
காட்டெருமை, வெள்ளைக் காலுறை போட்ட நான்கு கால்.
இல்லை.
காட்டெருமை, கொஞ்சம் கிட்டத்தில்.

அடிக்கும் அடிக்கும் நடுவில் மட்டும் அது இருந்தது.
தமயந்தி என்னவோ சொன்னாள்,
வாய் அசைந்ததைத்தான் பார்த்தேன்.
குமிழைக் கடைசிவரை திருகினேன்.

வெளிச்சம் அலுங்காமல் நின்றது.
அதன் மூச்சில் பனி கலைந்து கூடியது.
பாறையில் முளைத்த மாதிரித் திமில்.
அதன் மேல் யாரும் எண் அச்சடித்திருக்கவில்லை.
நெடுநேரம் எங்களைப் பார்த்துவிட்டு
காப்பித் தோட்டத்துச் சரிவில்
ஒரு கல்லைக்கூட உருட்டாமல் இறங்கிப் போனது.

மிச்ச ஏழு வளைவுக்கும் பாட்டு இல்லை.
தமயந்தி ஒற்றைக் கால் கொலுசைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து
அந்தச் சிவப்புக் கம்பியைப் பிளேடால் சீவினேன்.
மேலே செம்பு. இன்னொரு கோடு இழுத்தேன்.
உள்ளே வெள்ளை.
அலுமினியம்.
டார்ச்சை வாயில் கவ்வியபடி
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
பிறகு ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜபருல்லா சிரிக்கவில்லை. டீ சொன்னார்.
"நெசமான செம்புக் கம்பி,
பாடியில பெயின்ட்டைச் சுரண்டி நல்ல எர்த்து,
நூத்திப்பத்து ஆம்பியர் ஆல்டர்னேட்டர்.
எல்லாம் சேர்த்து இருபதைத் தாண்டும்.
இல்லேன்னா இருக்கற எழுபதுக்கு அடங்கற மாதிரி
சின்ன ஆம்பு ஒண்ணு. எண்பது வாட்.
ஆனா எண்பதுன்னா எண்பதுங்க."

எண்பதில் என்ன கேட்கும் என்றேன்.
"உங்களுக்கு எல்லாம் கேக்கும்.
பக்கத்து வண்டிக்குத்தான் கேக்காது."

அஸ்தம்பட்டி சிக்னலில்
எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று
நான் எண்ணி வைத்திருந்ததை
அவரிடம் சொல்லவில்லை.
செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றேன்.

பட்டறையில் யாரும் பார்க்காதபோது
அந்தப் பச்சையைத் தராசில் வைத்தேன்.
ஒன்றேகால் கிராம்.
"எத்தனை டச்?" என்றார் முதலாளி,
நோட்டிலிருந்து தலை தூக்காமல்.
முப்பது என்றேன்.
எழுதிக்கொண்டார்.