ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு

பத்தூமியில் கடலைப் பார்த்த ஹோட்டல் மண்டபம்.
பெண்கள் சதுரங்கம், ஏழாம் சுற்று.
நடுவர் ஓனிஸே ஐந்து விரலை விரித்துக் காட்டினார்:
படம் எடுப்பவர்களுக்கு அவ்வளவுதான் நிமிடம்.

கோச்சாவின் கழுத்தில் ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர்.,
நீள லென்ஸோடு சேர்த்து இரண்டரைக் கிலோ.
ஒவ்வொரு அழுத்தலுக்கும் உள்ளே
ஒரு கண்ணாடி துள்ளி எழுந்து விழும்.
டபக்.
கதவைத் தட்டாமல் நுழையத் தெரியாத விருந்தாளி.

என் கையில் இருந்தது சோப்புப் பெட்டி அளவு.
உள்ளே கண்ணாடி கிடையாது,
பார்க்கும் ஜன்னல் இடது மூலையில்.
வலது கண் உள்ளே, இடது கண் ஊரில்.
மூக்கு நசுங்காது.
பாதி முகம் எதிரே இருப்பவருக்கு மிச்சம்.

'பொம்மை' என்பான் கோச்சா.
'உன்னுடையது ஆட்டுக்கல்' என்பேன்.

ஆறு வருஷமாக இதே வழக்கு.
பேட்டரி செத்தாலும் என் கண்ணாடி நிஜ வெளிச்சத்தைக் காட்டும்,
உன் ஜன்னலில் ஓடுவது குட்டி டிவி, என்பான்.
எடுக்கிற கணத்தில்தான் உன் கண்ணாடி எழுந்து மறைக்கிறதே,
நீ எடுத்த எதையும் நீ பார்த்ததே இல்லை, என்பேன்.
நீ பார்ப்பதெல்லாம் ஒரு இமைப்பு பழசு, என்பான்.
இரண்டு பேர் சொல்வதும் சரி.
அதனால்தான் தீர்ப்பு வரவில்லை.

ஐந்து நிமிடம் முடிந்தது.
கோச்சா வெளியே போனான், பின்னால் கதவு சாத்தியது.
ஓனிஸே என்னைப் பார்த்தார்.
அவர் காதருகே வைத்து ஒன்று எடுத்தேன்.
தலையைச் சாய்த்தார். இன்னொன்று எடுத்தேன்.
எதுவும் விழவில்லை அவர் காதில்.
இருந்துகொள் என்று இமையைத் தாழ்த்தினார்.

மூன்றாம் மணி நேரம். நான்காம் மேஜை.
கறுப்புக் காய்களோடு லமாரா.
தன் குதிரை மாட்டிக்கொண்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது,
எதிராளிக்கு இன்னும் தெரியாது.
அந்த இடைவெளியில் அவள் உதடு கோணியது.
முப்பத்தொன்றாம் நகர்த்தலை எழுதிய மை
குறிப்புத் தாளில் நனைந்து பரவியது.
எடுத்தேன்.
நாற்பத்திரண்டு முறை எடுத்தேன்.
ஒரு தலையும் திரும்பவில்லை. அவள் தலையும்.

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் அவளிடம் காட்டினேன்,
பாராட்டு கேட்டுத்தான்.
ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.
'அந்த ஆள் எடுத்தபோது சத்தம் கேட்டது.
முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.
நீ எடுத்தபோது
நான் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.'
கோபமில்லை.
திரையில் படிந்த தன் விரல் ரேகையை
ஸ்வெட்டர் கையால் துடைத்துத் திருப்பித் தந்தாள்.

ராத்திரி கணினியில் பெரிதாக்கினேன்.
மண்டபத்து விளக்குகள் அவள் முகத்தில்
வரி வரியாகக் கறுப்புக் கோடு போட்டிருந்தன:
சத்தமில்லாத ஷட்டர் அந்த விளக்கில் செய்கிற வேலை.
கடிகாரத்தை அழுத்தப் போன கை
நாணலாக வளைந்திருந்தது.
சின்ன சென்சார், நிழலெல்லாம் மணல்.
கோச்சா அனுப்பிய படத்தில் ஒரு மயிரிழை பிசகில்லை.
கழுத்துச் சங்கிலியின் கண்ணி தெரிகிறது,
ஒருத்தி தன்னைப் பார்க்கக் கொடுத்திருப்பது தெரிகிறது.
ஆனால் அது ஆட்டத்தின் இரண்டாம் நிமிடம்.
அதில் இன்னும் எதுவும் நடக்கவில்லை.

நாற்பத்தொன்றை அழித்தேன்.
மை பரவிய தாள் மட்டும் இருக்கிறது, அவள் விரல் நகத்தோடு.

மறுநாள் எட்டாம் சுற்று.
ஐந்து நிமிடம் போய், கதவு சாத்தி,
ஓனிஸே எனக்கு இமை தாழ்த்திய பிறகு
மெனுவைத் திறந்தேன்.
ஷட்டர் ஒலி: இல்லை, என்றிருந்தது.
ஒன்றில் வைத்தேன்.
கடன் வாங்கிய சத்தம்தான், எந்தக் கண்ணாடியும் எழவில்லை.
க்ளிக்.
லமாரா நிமிரவில்லை,
காதோர மயிரை மட்டும் ஒதுக்கிக்கொண்டாள்.
க்ளிக்.
மூன்றாவதற்கு ஓனிஸே ஒற்றை விரலை நீட்டினார்,
கதவுப் பக்கம்.

வெளியே கோச்சா
முட்டை மிதக்கும் கச்சாப்பூரியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.
'என்ன, பொம்மைக்கு பேட்டரி போச்சா?'
ஆமாம் என்றேன்.
படகு மாதிரியான அந்த ரொட்டியில்
எனக்கொரு முனை தந்தான்.