புல்மோட்டையில் ஒரு மின்வெட்டு

திருகோணமலையிலிருந்து ஐம்பத்து நாலு கிலோமீட்டர்.
பேருந்து அதை இரண்டரை மணித்தியாலமாக இழுத்தது.
மடியில் என் தொலைநோக்கி:
நானே ஒட்டிய பி.வி.சி. குழாய்,
கொழும்பிலிருந்து தபாலில் வந்த வில்லை,
மேலே அரிசிச் சாக்கு.

குச்சவெளி தாண்டிய காவலரணில்
சிப்பாய் குழாயைத் தட்டினான்.
காதை வைத்துக் கேட்டான்.
"உள்ள என்ன?"
"ஒண்டுமில்லை."
பொய் சொல்லவில்லை.
அந்த ஒன்றுமில்லாததற்கு எதிரே
என் அடையாள அட்டை இலக்கத்தை
மெதுவாக எழுதிக்கொண்டான்.

திரியாயில் ஒரு பெண் ஏறிப் பாலைப்பழம் விற்றாள்.
அதுவரை எனக்குத் தெரிந்த பாலை
அந்தப் பழம்தான்:
உதட்டில் ஒட்டும்,
தண்ணீர் கேட்கும்.

இறங்கியதும் கச்சான் காற்று
முகத்தில் கதவைச் சாத்தியது.
ஒரு பக்கம் கடல்.
மறுபக்கம் மணல், துருவேறிய வேலி, மணல்,
மூன்று மொழியிலும் ஒரு பலகை:
மணல் அள்ளுதல் தண்டனைக்குரிய குற்றம்.
பலகையின் நிழலில் ஓர் ஆடு படுத்திருந்தது.
நிழல் நகர, எழும்பி
அரை அடி தள்ளிப் படுத்தது.
அந்த வெளியில் வேறு நிழல் இல்லை.

நுஸ்ரியாவுக்குக் கோப்பரேசன் ஆய்வுகூடத்தில் வேலை.
நாள் முழுக்க மணலை நிறுத்துவிட்டு
இரவும் மணலில் வந்து கிடக்க
என்னைத் தவிர யார் கேட்பார்கள்?
பாயும் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக வந்தாள்,
முணுமுணுத்தபடி.

பத்தரைக்குத் தெருவிளக்கு இரண்டும் போயின.
மின்வெட்டு.
தூரத்தில் யாரோ மின்சார சபையைத் திட்டினார்கள்.
நான் மட்டும் நன்றி சொன்னேன்.
ஏனென்றால் வானம் அப்போதுதான் வந்தது,
தலை முட்டுமோ என்று குனிகிற அளவுக்கு.
தெற்கே விருச்சிகம் கொடுக்கைத் தூக்கி நின்றது.
அதன் வாலிலிருந்து கிளம்பிய பால்
உச்சி கடந்து வடக்கே சிந்திக்கொண்டு போனது.
முதுகுக்குக் கீழே கறுப்பு மணல்
அடுப்பணைத்த தோசைக்கல்லாய்
இன்னும் சுட்டது.

வடகிழக்கில், கடலுக்கு மேலே, ஒரு மங்கல்:
ஈரத்துணியால் துடைத்த கண்ணாடியில்
விட்டுப்போன அழுக்குப்போல.
"அந்திரொமீடா" என்றேன்.
"இந்த வெளிச்சம் புறப்பட்டு
இருபத்தைந்து இலட்சம் வருசம்."
செத்தவீட்டில் பேசுகிற குரல் எனக்கு.

நுஸ்ரியா கொட்டாவி விட்டாள்.
பாயின் ஓரத்தால் கைவிட்டு ஒரு பிடி அள்ளி
என் உள்ளங்கையில் கொட்டினாள்.
"இதில சிர்கோன் கிடக்கு.
ஐம்பது கோடி வருசத்துக்குக் குறையாது.
உன்ட வெளிச்சம் வெளிக்கிடக்குள்ள
இது கிழடு."
பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று
கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை.

இந்தக் கறுப்பைக் கப்பலில் ஏற்றுகிறார்கள்.
எங்கோ ஒரு நாட்டில் அது
வெள்ளைப் பெயின்ற் ஆகிறதாம்.
யாரோ சுவரில் பூசி,
காய்ந்துவிட்டதா என்று
விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது.
வானம் சொல்லாமல் எழும்பிப் போனது.

அடுத்த கிழமை, உப்புவெளி மொட்டைமாடியில்
பிறையைப் பிடித்தேன்.
பிறையின் வயிற்றில் ஒரு கறுப்புப் புள்ளி,
எந்த வரைபடத்திலும் இல்லாதது.
நெஞ்சு ஒருமுறை துள்ளியது.
கண்வில்லையைத் திருகினேன்;
புள்ளியும் சேர்ந்து சுற்றியது.

நுஸ்ரியாவுக்குச் செய்தி அனுப்பினேன்.
அவள் பதில்:
கோப்பரேசன் மண்.
திருப்பிக் கொண்டுவந்து தா.