திரு

முன்கண்ணாடியில் கல்.
இரண்டு பக்கக் கதவுகளிலும் ஆணியின் கோடு,
பெட்ரோல் மூடி வரைக்கும்.
பானெட்டில் மட்டும் நிதானமாக இரண்டெழுத்து:
திரு.
அதற்குமேல் எழுத நேரம் கிடைக்கவில்லை போலும்.
மஞ்சக்குப்பத்தில் நாலரை மணிக்கே
யாராவது ஒருவர் எழுந்து இருமத் தொடங்கிவிடுகிறார்.

காவல் நிலையத்தில் மனு ரசீது கொடுத்தார்கள்.
யார்மேலாவது சந்தேகம்?
இல்லை.
முன்விரோதம்?
இல்லை.
எழுத்தர் பேனாவை மூடினார்.
கொடுத்துவைத்தவர் சார் நீங்க.

அன்று இரவெல்லாம் அந்தச் சொல்லை
முடித்து முடித்துப் பார்த்தேன்.
திருடன்.
திருட்டு நாயே.
திருப்பிக் கொடு.
எதைச் சேர்த்தாலும் பொருந்தியது.

என் ஜெராக்ஸ் கடையில் ஒரு சீட்டு ஓடியது,
நாற்பத்தோரு பேர், மாதம் ஐந்நூறு.
பதினாறாம் மாதத்தோடு நின்றது.
ஏன் நின்றது என்பதற்கு ஒரு காரணம் உண்டு.
அதை நாற்பது பேரிடம் நாற்பது விதமாகச் சொல்லியிருக்கிறேன்.
கடை வாசலில் மண்ணை வாரி இறைத்தார்கள்.
ஒருவர் வந்து ஃபேனைக் கழற்றிக்கொண்டு போனார்,
இறக்கையைத் துடைத்துக் கொடுத்தது நான்தான்.

திலகவதி மட்டும் வரவில்லை.
மூன்று வருடத்தில் ஒருமுறைகூட.
கெடிலம் பாலத்தில் எதிரே வந்தால்
தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு
ஆற்றைப் பார்ப்பாள்,
கடன்பட்டவள் அவள் என்பதுபோல.

விடிவதற்குள் சீட்டு நோட்டோடு தெருவுக்கு இறங்கினேன்.
செல்போன் வெளிச்சத்தில்
பதினாறு கையெழுத்து,
பதினாறிலும் அந்தத் ‘தி’:
கொக்கி மேலே போய்ப் பின்னால் வளையும்,
கோழி திரும்பிப் பார்ப்பதுபோல.
பானெட்டிலும் அதே கோழி.

மூன்றாம் நாள் புதுச்சேரியிலிருந்து சர்வேயர் வந்தார்.
அமலோர் என்று பெயர், ஹெல்மெட்டுக்குள் கைக்குட்டை.
பதினெட்டுப் படம் எடுத்தார்.
சேசிஸ் எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார்.
கதவின் அடியில் நகத்தால் சுரண்டி,
“இது உப்புக்காத்து சார், இதுக்குக் கிடையாது.”
கடல் செய்ததையும் மனிதர் செய்ததையும்
அந்த நகம் சட்டென்று பிரித்தது.

கண்ணாடிக்கு முழுசாக வருமாம்.
ரப்பரும் பிளாஸ்டிக்கும் பாதி.
இரும்புக்கு வயதைப் பார்த்துக் கழிப்பார்கள்.
முதல் ஆயிரம் எப்படியும் என் தலையில்.
பானெட் முன்னால் வந்ததும் அவருக்குச் சிரிப்பு,
“மரியாதையாத்தான் ஆரம்பிச்சிருக்காங்க.”
அவர் நீட்டிய படிவத்திலும் முதல் சொல் அதுதான்.
திரு, திருமதி, செல்வி.
வேண்டாததை அடிக்கவும்.

“இன்னொண்ணு சார், கிளெய்ம் பண்ணா போனஸ் போயிடும்.
மூணு வருஷமா நீங்க எதுவும் கேக்கல,
அதுக்கு முப்பத்தஞ்சு பர்சென்ட் தள்ளுபடி இருக்கு.
யோசிச்சுக்குங்க.”

எதுவும் கேட்காமல் இருந்ததற்கு.

பதினாறு ஐந்நூறு எட்டாயிரம் என்று
கேட்காமலே வாய் சொல்லிற்று.
“என்ன சார்?”
ஒன்றுமில்லை.

கண்ணாடி எழுதினோம்.
இடது கதவுகள், வலது கதவுகள்.
“பானெட்?”
அது முன்னாடியே இருந்தது, விட்டுடுங்க என்றேன்.
அமலோர் என்னை ஒருமுறை பார்த்தார்,
அந்த வரியைப் பென்சிலால் அடித்தார்.

மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்பில் பதினொரு நாள்.
பெயிண்டர் பையன் கேட்டான்,
முன்னாடியும் ஒரு கோட் அடிச்சிடவா,
காசு வேணாம் அண்ணே, பார்க்க அசிங்கமா இருக்கு.
சாவியை வாங்கிக்கொண்டேன்.

புதுக்கண்ணாடியில் எல்லாமே ரொம்பத் தெளிவு.
பாலத்தில் லாரிக்குப் பின்னால் நின்றபோது
எதிர்ப்பக்கம் திலகவதி, கையில் தூக்குச்சட்டி.
இந்தமுறை அவள் ஆற்றைப் பார்க்கவில்லை.
பானெட்டைப் பார்த்தாள்,
பிறகு கண்ணாடியை, அதற்குள் என்னை.

நான் ஆற்றைப் பார்த்தேன்.
கெடிலத்தில் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.