முப்பத்தொன்று

காதில் மஞ்சள் வில்லை. எண் 31.
கீழக்கரிசல். வயிறு கறுத்த செம்மி.
தாழக்குடிப் பத்தில்
கன்னிப்பூ அறுத்த தாளின்மேல்
இருநூறு ஆட்டுக்குக் கிடை.
ஆரல்வாய்மொழிக் கணவாயில்
காற்றாலைகள் பாதி நின்றுவிட்டன.
காற்று நின்றால் பூச்சி கிளம்பும்.

கழுத்து நரம்பில் ஊசி இறக்கி
ஐந்து மில்லி எடுத்தேன்.
அன்றைக்கு அதற்கு நோய் எதுவும் இல்லை.
மரபணு ஆய்வுக்கென்று கடிதம் வந்திருந்தது:
ஒன்றுக்கொன்று உறவில்லாத ஆடுகளாகப் பார்த்து
நாற்பது.

"உறவில்லாத ஆடா?"
பூலுடையார் கம்பை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.
"கிடா மூணு. அதுல ஒண்ணு மச்சானுக்குள்ளது.
எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான் டாக்டரம்மா."

செம்மறிக்கு நிறத்திரி ஐம்பத்துநான்கு,
வெள்ளாட்டுக்கு அறுபது என்றேன்.
"வாலப் பாத்தாலே தெரியுமே.
தொங்குனா இது, நிமிந்தா அது.
அதுக்கா இம்புட்டு ரத்தம்?"

குழாயைப் பனிக்கட்டியில் செருகினேன்.

பதினேழாம் நாள் போன் வந்தது.
ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்திருந்தது.
31 படுக்கவில்லை. படுத்தால் எழ முடியாது என்று
தெரிந்ததுபோல் நின்றது.
உதடு தடித்து எச்சில் நூல் நூலாய்.
வாயைத் திறந்தால்
நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு.
குளம்புக்கு மேலே சிவப்பாய் ஒரு வளையம்.

கொசுவில் பாதிகூட இல்லாத ஒன்று
பக்கத்து வயல் மாட்டைக் கடித்துவிட்டு
இங்கே வந்திருக்கும்.
மாட்டுக்கு ஒன்றுமில்லை.
அசைபோட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது.

வாய்க்குக் கிளிசரின். கம்பங்கூழ்.
ஈரத்தைவிட்டுத் தென்னந்தோப்பு மேட்டுக்கு.
அந்தியில் வேப்பிலைப் புகை.
தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டிருக்கணும் என்றேன்.
மழைக்கு முன்பு இவர்கள் எந்த மாவட்டத்தில் நின்றார்கள் என்று
எங்கள் பதிவேட்டுக்குத் தெரியாது.
அதைச் சொல்லவில்லை.

ஒன்பது போயின. ஆறாவதாக 31.
பால்குடி மறக்காத குட்டி ஒன்று மிச்சம். கிடாக்குட்டி.

கார்த்திகையில் இரண்டு அறிக்கையும் ஒரே நாளில் வந்தன.
முதலாவது ஒரு வரி: நீலநாக்கு, உறுதி.
காக்கைகளுக்கு முன்பே தெரியும்.

மற்றது ஆறு பக்கம்.
செல்லுக்குள் ஒரு சிறு வளையம்,
தாய் மட்டுமே பிள்ளைக்குத் தருவது.
அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால்
கரிசல் தாண்டி, சிந்து தாண்டி,
ஈரான் மலைகளும் தாண்டி
ஏறத்தாழ பதினோராயிரம் ஆண்டு.
அங்கே முறுக்குக் கொம்புக் காட்டுச் செம்மறி.
உடம்பில் கம்பளி கிடையாது, முடிதான்,
நம் 31-க்கு இருந்ததைப்போல.
பிடித்ததைக் கொல்லாமல்
ஒருத்தி கட்டிவைத்த சாயங்காலம்.
அந்த ஒருத்தி அறிக்கையில் இல்லை.
நான் சேர்த்தது.

கிடைக்கூலி தர வந்த சிதம்பரதாணு
கேட்டுவிட்டுச் சொன்னார்:
"தாய் வழியா மட்டும்னா மருமக்கவழில்லா!
எங்க குடும்பத்துல சொத்து முன்ன அப்படித்தான்.
பெண்பிள்ளை இல்லாட்டி அந்த வழி அத்துப்போகும்."

இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து
நான் புரிந்துகொண்டதை
அவர் வரப்பில் நின்றபடி முடித்துவிட்டார்.

குட்டியைப் பார்த்தோம்.
அது வாங்கி வைத்திருக்கிறது.
கொடுக்க முடியாது.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
12, 31 இரண்டும் ஒரே வரிசை. நெருங்கிய உறவாகலாம்.
பட்டியலிலிருந்து ஒன்றை நீக்குக.

"ரெண்டும் ஒரு தாய் பிள்ளைய," என்றார் பூலுடையார்.
"நான் அன்னைக்கே சொன்னம்லா."

எதை நீக்க என்று கேட்டு
கீழே ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்.
பேனாவின் மூடியைக் கழற்றினேன்.
31 என்று எழுதக்
கொஞ்ச நேரம் ஆனது.

அதற்குள் வரப்பிலிருந்து கூச்சல்.
12, வயிற்றில் சினையோடு,
சிதம்பரதாணுவின் கும்பப்பூ நடவில் இறங்கி
மேய்ந்துகொண்டிருந்தது.
பூலுடையார் ஓடினார்.