எண்பத்து மூன்று கிலோ

விடிய இன்னும் அரைமணி.
தூசிகூட எழாத நேரத்தில் நாங்கள் நால்வர்
கிழக்குச் சுவரிலிருந்து
மணல்மூட்டைகளை உருவுகிறோம்.

மருத்துவச் சீட்டில் எண்பத்து மூன்று என்றிருந்தது.
கடைசியாக எடை பார்த்தது மார்ச்சில்.
"அதற்கப்புறம் எத்தனை ரொட்டி தின்றிருப்பான்,
இன்னொரு கிலோ போடு" என்று கோச்சா
ஒரு பூட்ஸ் நிறைய மணலள்ளிக் கொட்டினான்.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு, எல்லோரும்.

இறந்தவர்களுக்கான ஓட்டம்.
ஹெல்மண்ட் பாலையில் முகாம் வேலியை ஒட்டி
இரண்டு சுற்று, எட்டுக் கிலோமீட்டர்.
அணிக்கு நால்வர், ஒரு ஸ்ட்ரெச்சர்,
அதில் அவரவர் பறிகொடுத்தவரின் எடை.
டென்மார்க்காரர்கள் தங்கள் ஆளுக்கு
நீலப் போர்வை போர்த்தியிருந்தார்கள்.
ஆங்கிலேயர்கள் ஒரு தேநீர்க் குவளையைக்
கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
நாங்கள் ஜார்ஜியர்கள்,
புதைத்த இடத்தில் ஒயின் ஊற்றுகிறவர்கள்.
முகாமில் மதுவுக்குத் தடை.
டப்பாவில் வந்த மாதுளைச் சாற்றைக்
கொஞ்சம் மூட்டைமேல் ஊற்றினோம்.
சாக்கு குடித்துக்கொண்டது.

கேப்டன் பேசினார்:
"ரமாஸின் வேகம், ரமாஸின் வீரம்..."
பெஜான் என் விலாவில் இடித்தான்.
ரமாஸுக்கா வேகம்?

ஓட்டமென்றாலே அவனுக்கு வேப்பங்காய்.
கஹேத்தியின் திராட்சைத் தோட்டக்காரன்.
"திராட்சை மிதிக்க வந்த கால் இது,
நின்ற இடத்திலேயே வேலை முடிந்துவிடும்" என்பான்.
காலை ஓட்டத்தில்
சலவைக் கன்டெய்னர் வரைக்கும் எங்களோடு வருவான்,
அதன் பின்னால் புகுந்து காணாமல் போவான்.
வேலியைச் சுற்றி நாங்கள் நாக்குத் தள்ள வரும்போது
துணி உலர்த்தும் எந்திரத்தின் வெதுவெதுப்பில் முதுகு காட்டி
யாருடைய காலுறைகளையோ மடித்துக்கொண்டிருப்பான்.
கடைசி இருநூறு மீட்டரில் சேர்ந்துகொண்டு
எங்களைவிடச் சத்தமாக மூச்சு வாங்குவான்.

அந்த வியாழக்கிழமை, கால்வாய்ப் பாலத்தில்,
"ஓடு" என்று கத்தியது நான்தான்.
ஓடினான்.
ஒரே ஒருமுறை
குறுக்கு வழி தேடாமல் ஓடினான்.

முதல் சுற்றில் தோள் எரிந்தது.
நோதாரின் உள்ளங்கை கொப்புளம் உடைந்து
கைப்பிடி வழுக்கியது.
"மாற்றலாமா?" என்றேன்.
"வாயை மூடிக்கொண்டு ஓடு" என்றான்.
ஆங்கிலேயர்களின் குவளை முன்னால் எங்கோ
கிணுகிணுத்துப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் சுற்றில் சலவைக் கன்டெய்னர்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
வலது முன்பிடி என்னிடம்.
நான் திரும்பினேனா, ஸ்ட்ரெச்சர் திரும்பியதா,
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
பின்புறம் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
அந்தக் காற்றுக்கு நேராக
அவனை இறக்கி வைத்தோம்.
நோதார் கூடையில் கிடந்த காலுறையை எடுத்தான்,
அதன் ஜோடியைத் தேடினான்,
ரத்தம் படாமல் விரல்நுனியால்
மடித்து வைத்தான்.

பிறகு தூக்கினோம்.
கடைசி இருநூறு மீட்டரில் சேர்ந்துகொண்டோம்,
வேண்டுமென்றே
சத்தமாக மூச்சு வாங்கியபடி.

கோட்டில் நின்றவர் ஈவர்,
டென்மார்க்கின் சார்ஜென்ட், கண்டிப்பானவர்.
"மூன்றாம் புள்ளியில் உங்களைக் காணோம்."
"ஆமாம்."
"குறுக்கே வந்தீர்கள்."
"ஆமாம்."
சிவப்புப் பேனாவால் எங்கள் பெயரை அடித்தார்.
விதி விதிதான்.
அப்புறம் சாக்கிலிருந்த ஈரக் கறையைப் பார்த்து
"எடை?" என்றார்.
"எண்பத்து நான்கு."
அடித்த பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுதினார்.

கேப்டன் இரவுச் சாப்பாடு வரை
எங்களோடு பேசவில்லை.

மூட்டைகளைச் சுவருக்கே திருப்பித் தரவேண்டும்,
பாதுகாப்பு உத்தரவு. தந்தோம்.
வெயிலில் கறையும் வெளுத்துவிட்டது.
அன்றிரவு கிழக்குச் சுவரில் எனக்குக் காவல்.
எது எங்கள் மூட்டை என்று அடையாளம் தெரியவில்லை.
விடியும்வரை
ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம்
சாய்ந்து பார்த்தேன்.