பௌர்ணமி நண்டு

மேல்மாடிக் கூடம், அறுபது பேர்,
கடல் பார்த்த பக்கம், தலைக்கு நூற்றெண்பது ரிங்கிட்.
நிலா வரும் இரவென்றால் இன்னும் இருபது.
நண்டு மட்டும் தனிக்கணக்கு, எடை பார்த்து.
பதிவுத்தாளில் பெயர் எழுதும்போதுதான் நிமிர்ந்தேன்.
பெரமையா.
பத்து வருடமாய்ப் பின்வாசலில்
ரப்பர் பூட்ஸோடு நிற்கிறவர்
அன்றைக்கு முன்வாசலால் வந்திருந்தார்,
அத்தர் கொஞ்சம் தூக்கலாக.

மகளுக்கு நிச்சயம், மிஸ்.
மாப்பிள்ளை வீடு சுங்கை பட்டாணி.
அவர்கள் குறித்த நாள் பௌர்ணமி.
அவர்கள் கேட்டது நண்டு.
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எனக்குத் தெரியும்,
அடுப்படியில் ஆ கியோங்குக்கும் தெரியும்:
நிலா பெருக்கும் நாளில் நண்டு இளைக்கும்.
ஓடு இருக்கும், கொடுக்கு மிரட்டும்,
உள்ளே உப்புத் தண்ணீர்.
அமாவாசைக்குப் பிடித்தால் சதை தெறிக்கும்.
அமாவாசையில் யார் மோதிரம் மாற்றுவார்கள்?

இறாலாக மாற்றிவிடலாமே என்றேன்.
"நண்டு விற்கிறவன் வீட்டு விசேஷம்,
நண்டு இல்லாமலா?"

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு
எல்லாரும் வந்துவிட்டார்கள், கடலைத் தவிர.
வற்றம் முடிந்த தஞ்சோங் தொக்கோங் கரையில்
சேறு, ஒரு லாரி டயர், இரண்டு கொக்கு.
கண்ணாடி ஓரம் பட்டுப்புடவைகள் வரிசையாக நின்று
"எங்கேம்மா கடல்?" என்று என்னைக் கேட்டன,
நான்தான் அதை மடித்து
எங்கோ அலமாரியில் வைத்துவிட்டதுபோல.
பெரமையா கடிகாரம் பார்க்காமல் சொன்னார்:
"பதினொன்றுக்கு மேல் வரும்."
கூடம் அவருக்குப் பத்தரை வரைதான்.

ஷர்வினியின் விரலில் மோதிரம் ஏறியது.
தாய்மாமன் மூன்று மொழியில் பேசினார்,
மூன்றிலும் மைக் கீச்சிட்டது.
நிலா வந்தது, சொன்ன நேரத்துக்கு,
சேற்றின்மேல் தன் வெள்ளியைக் கொட்டி வீணடித்தது.
பிறகு நண்டு.
சிவந்த குழம்பில் மிதந்து, வறுத்த மந்தாவோடு.
அறுபது சுத்தியல் ஒருசேர இறங்கிய சத்தம்
ஒரு வீடு கட்டுவதைப்போல இருந்தது.

அதன்பின் வந்த அமைதியைத்தான்
நான் பயந்துகொண்டிருந்தேன்.
மாப்பிள்ளையின் பெரியம்மா கொடுக்கை உடைத்தார்,
வளையல்வரை தண்ணீர் ஓடியது.
ஈர்க்குபோல ஒரு நார் சதையை எடுத்துப் பார்த்து,
"ஓடு ரொம்ப அழகா இருக்கு சம்பந்தி" என்றார்.
பெரமையா தலையாட்டினார்.
அவர் காது மட்டும் குழம்பின் நிறத்துக்கு வந்தது.

பத்தே காலுக்கு பில்.
நண்டு, இருபத்தெட்டு கிலோ, முழு விலை.
அவர் அந்த வரியில் விரல் வைத்தார்.
வெடிப்புகளில் எந்த அத்தரும் இறங்காத விரல்.
"பௌர்ணமிச் சரக்கு மிஸ்.
முப்பது சதவீதம் கழிக்கிறோம், சரியா?"

என் வாக்கியம் அது.
மாதாமாதம் தொலைபேசியில் நான் சொல்வது.
அந்த 'சரியா'வில் கேள்வி இருக்காது,
அவர் குரலிலும் இல்லை.
அந்த இருபத்தெட்டு கிலோவும் அவருடைய நண்டுதான்.
சனிக்கிழமை காலை பின்வாசலில்
தராசின் முன்னால் நிற்கவைத்து
நான்தான் அவருக்கு முப்பது கழித்தேன்.

கழித்தேன்.
கையெழுத்துப் போட்டேன்.
நாளைக்கு மிஸ்டர் கூவிடம் என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு நாற்காலிகளின்
ரிப்பன் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தோம்.
கீழே பலகைகளில் முதல் அலை தட்டியது.
டயர் மூழ்கியது. கொக்குகளைக் காணோம்.
எதிர்க்கரை விளக்குகள் நீரில் நீண்டன,
விளம்பரப் படத்தில் இருப்பது அப்படியே,
பார்க்க நானும் இரண்டு பங்களாதேஷ் பையன்களும்.

ஒன்பதாம் மேசையில்
யாரும் உடைக்காத ஒரு நண்டு.
அவர் செய்வதுபோலத் தூக்கி
உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தேன்.

கனத்தது.